பூனையின் வயிறு தேற ஒரே இறைச்சி

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுப் பூனைக்கு நான்கு வயது. மூன்று மாதமாக மலம் கூழ் போலவே போகிறது. வாரத்துக்கு இரண்டு முறை வாந்தி எடுக்கிறாள். பால், தயிர்சாதம், மத்தி மீன், கோழி என்று எல்லாம் கொடுத்துவிட்டோம். டிரை ஃபுட்டிலும் மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்தோம். உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது. என்ன உணவு கொடுக்கலாம்?
- வாசகி, மதுரை

பதில்: பாலையும் தயிர்சாதத்தையும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும், ஆனால் வயிறு ஏற்காது.

அடுத்தது பரிசோதனை. எடை குறைகிறது என்பதால் உணவை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மலத்தில் புழு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கலாம். ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்கள் ஒரு நாள் மலத்தில் மட்டும் பார்த்தால் சிக்காமலும் போகும். அதனால் அடுத்தடுத்து மூன்று நாள் மலம் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். கூடவே ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். நாள்பட்ட குடல் கோளாறு உள்ள பூனைகளுக்கு வைட்டமின் பி12 குறைவது சகஜம். அது குறைந்திருந்தால் எந்த உணவு கொடுத்தாலும் சரியாகத் தேறாது, ஊசி தேவைப்படும்.

இனி உணவுக்கு வருகிறேன். அடிக்கடி மாற்றியதால் அவளுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போய்விட்டது. பூனைகளுக்கு ஒவ்வாமை தருவது பெரும்பாலும் மாடு, மீன், கோழி இவற்றின் புரதம்தான். ஆகவே இதுவரை அவள் வாயில் படாத ஓர் இறைச்சியைத் தேர்ந்தெடுங்கள். முயல்கறி நல்லது. ஆட்டுக்கறியே தின்றதில்லை என்றால் அதுவும் சரி. காடையும் வாத்தும் கோழிக்கு உறவு என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. செலவு தாங்கும் என்றால், புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு கால்நடை மருத்துவர்கள் மூலம் கிடைக்கும். சத்துக் கணக்கு சரியாக இருப்பதால் என் முதல் தேர்வு அதுதான்.

வீட்டில் சமைத்தால் உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வெந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். வெறும் கறியை மாதக்கணக்கில் கொடுத்தால் டாரினும் கால்சியமும் போதாது. இரண்டு மூன்று வாரச் சோதனைக்கு மட்டும் அது போதும்.

ஒரே நாளில் மாற்றாமல், பழைய டிரை ஃபுட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். புது உணவை முகர்ந்துவிட்டுப் போனால், 'பசித்தால் தின்னும்' என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். லேசாகச் சூடாக்கி, கையால் ஊட்டிப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

முழுதாக மாறியபின் இரண்டு வாரம் வேறு எதுவும் கூடாது. ஒரு துண்டு மீன் தலைகூடச் சோதனையைக் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள். உணவுதான் காரணமென்றால் அதற்குள் மலம் கெட்டிப்படும். அப்புறம் பழைய உணவை ஒவ்வொன்றாகக் கொடுத்து எது கெடுக்கிறது என்று பார்க்கலாம். மாற்றமே இல்லையென்றால் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். என்ன தின்றாள், மலம் எப்படிப் போனது என்று தினமும் ஒரு நோட்டில் குறித்து, மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.