பூனையும் நாயும் விழுந்த கூரை

அன்புள்ள அம்மா,

அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கனமழை கொட்டுவதை ஆங்கிலத்தில் 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்பார்கள் என்று சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "ஏன் டீச்சர் பூனையும் நாயும்?" என்றான். வாட்ஸ்அப்பில் வந்த விளக்கத்தைச் சொன்னேன். அந்தக் கால இங்கிலாந்தில் எல்லாம் கூரை வீடுகள். குளிருக்கு அடக்கமாகப் பூனையும் நாயும் கூரையில் படுத்திருக்கும். மழையில் வழுக்கிக் கீழே விழும். உடனே அவன், "எங்கள் வீடும் கூரை வீடுதான் டீச்சர். எங்கள் நாய் ஒருநாளும் மேலே ஏறியதில்லை" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த விளக்கம் சரிதானா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மாணவன் சொன்னதுதான் சரி. சிரித்த பிள்ளைகளும் கேட்கும்படி வகுப்பிலேயே அதை அவனிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் படித்த விளக்கம் 1999 இல் '1500களில் வாழ்க்கை' என்ற தலைப்பில் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு கட்டுக்கதையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் கூரை வேய்வது கோதுமைத் தாளாலும் நாணலாலும். ஏறக்குறைய ஓர் அடி கனத்துக்கு இறுக்கி அடுக்கி, தண்ணீர் தங்காதபடி செங்குத்தான சரிவில் வேய்வார்கள். மழை மேல்பரப்பை மட்டுமே நனைத்து வழிந்துவிடும். எலியும் குருவியும் அதைக் குடைந்து குடியேறலாம். நாய்க்கு அங்கே என்ன வேலை? வழுக்கி விழ வேண்டுமானால் கொட்டுகிற மழையில் அது கூரையின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் கூரை வீட்டில் பிறந்தவள்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பூனை அடுப்படியில் சாம்பல் சூட்டோடு சுருண்டுகொள்ளும். வால் நுனிகூட நனைய விடாது.

அந்தத் தொடர் உண்மையில் எங்கே தென்படுகிறது என்று பார்ப்போம். 1651 இல் வெளியான ஹென்றி வாகன் என்ற வேல்ஸ் நாட்டுக் கவிஞரின் தொகுப்பில், சந்தைக்குப் போகும் சில்லறை வியாபாரிகள், மழையாகப் பொழியும் நாய்களிடமிருந்தும் பூனைகளிடமிருந்தும் தங்கள் சரக்கைக் காக்க ஒரு கூரையைத் தேடுவார்கள் என்று ஒரு வரி வருகிறது. இந்த வரியை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நாயும் பூனையும் இங்கே கூரையிலிருந்து விழவில்லை. அவை விழாமல் தடுக்கத்தான் கூரை. இரண்டு ஆண்டு கழித்து அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகம் ஒன்றில் நாய்களோடு பொழிவது பூனை அல்ல, நாற்றம் வீசும் போல்கேட் என்ற காட்டு விலங்கு. ஆக, தொடர் அப்போது இறுகிவிடவில்லை. சொல்பவர் வாய்க்கு வந்த விலங்கு அதில் ஏறிக்கொண்டது.

இன்னொரு விளக்கமும் உங்கள் கண்ணில் படலாம். ஜோனதன் ஸ்விஃப்ட் 1710 இல் லண்டன் மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். முழுகிச் செத்த நாய்க்குட்டிகளும் செத்த பூனைகளும் முள்ளங்கி இனத்துக் கிழங்கின் தழைகளும் சாக்கடை வெள்ளத்தில் உருண்டு வருவதை அதில் காட்டுகிறார். தொடர் இதிலிருந்துதான் பிறந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கவிதை அருமையானது, ஆனால் வாகனின் வரி அதற்கு அறுபது ஆண்டு மூத்தது. அதே ஸ்விஃப்ட் 1738 இல், பெரிய மனிதர்களின் கூடத்தில் தேய்ந்து போன பேச்சுகளைக் கேலி செய்து ஒரு நூல் வெளியிட்டார். நாம் இன்று சொல்லும் வடிவில், பூனை முதலிலும் நாய் பின்னுமாக, இந்தத் தொடர் அதில் இருக்கிறது. அதாவது அன்றைக்கே அது பழகிப் புளித்த பேச்சு.

முதலில் சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்பது எந்த ஏட்டிலும் நிறுவப்படவில்லை. இதையும் மாணவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். எல்லாத் தொடருக்கும் பின்னால் ஒரு சம்பவம் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேல்ஸ் மொழியில் கனமழைக்குக் 'கிழவிகளும் தடிகளுமாகப் பெய்கிறது' என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கயிறு கயிறாகப் பெய்கிறது. கிரேக்கர்களுக்கு நாற்காலிக் கால்கள் விழுகின்றன. எந்தக் கூரையிலிருந்து கிழவிகள் விழுந்தார்கள் என்று யாரும் தேடவில்லை. மழையின் மூர்க்கத்தைச் சொல்ல, வானிலிருந்து விழக்கூடாத ஒன்றை விழவைப்பது மக்களின் கற்பனை. அந்தக் கற்பனையைப் பறித்துவிட்டு ஒரு பொய் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூலம் உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொடுக்க விரும்பினால், கடும் வெயில் காலத்தை ஆங்கிலத்தில் 'நாய் நாட்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நாக்கைத் தொங்கப் போடும் தெருநாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. இது வானத்து நாய். பெருநாய் விண்மீன் கூட்டத்தின் சிரியஸ், இரவு வானிலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம். சில வாரங்கள் சூரிய ஒளியில் மறைந்திருந்துவிட்டு, கோடையின் உச்சத்தில் விடியலுக்குச் சற்று முன் அது கிழக்கே மீண்டும் தலைகாட்டும். எகிப்தியர்களுக்கு அது நைல் நதியின் வெள்ளம் வரும் அறிகுறி. கிரேக்கர்களும் ரோமானியர்களும் சூரியனோடு அந்த நட்சத்திரத்தின் சூடும் சேர்ந்துதான் காய்ச்சலும் வறட்சியும் வருகின்றன என்று நம்பினார்கள். ரோமானியர்கள் லத்தீனில் வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்புதான் ஆங்கிலத் தொடர். நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தில் நிற்கும் மே மாத வெயிலை நாமும் அக்னி நட்சத்திரம் என்று ஒரு நட்சத்திரத்தின் பெயரில்தானே சொல்கிறோம்.

ஜனவரியில் இரவு எட்டு மணிக்கு அந்த மாணவனைத் தன் வீட்டு வாசலில் நின்று தென்கிழக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அந்த வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் வெள்ளையாக, கண்ணைப் பறிப்பதுபோல் மின்னும் ஒன்று. அதுதான் அந்த நாய்.