கணினிக் கேள்வி பதில்: முதல் நிபந்தனை பொய்யான பிறகும் ஏன் பிழை?

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டையில் உள்ள ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு சி பிளஸ் பிளஸ் மொழியில் இருப்புக் கணக்கு நிரல் எழுதி வருகிறேன். தோல்களின் எண்ணிக்கை சில இடங்களில் ஒரே இன்ட் ஆகவும், சில இடங்களில் கட்டுவாரியாக வெக்டராகவும் வருகிறது. கொடுத்த வகை கிளாஸ்தானா என்பதை 'இஸ் கிளாஸ்' ட்ரெய்ட்டாலும் (ஒரு வகையைப் பற்றிய கேள்விக்கு மெய் அல்லது பொய் என விடை தரும் சிறு வார்ப்புரு), அதன் 'வேல்யூ டைப்' (உள்ளே இருக்கும் உறுப்புகளின் வகை) இன்ட்தானா என்பதை நானே எழுதிய ஒரு ட்ரெய்ட்டாலும் பார்த்து, இரண்டின் விடையான '::வேல்யூ'வையும் && குறியால் இணைத்து, இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பருக்குள் (கம்பைல் செய்யும்போதே முடிவாகும் இஃப்) வைத்தேன். வெக்டருக்குச் சரியாக வருகிறது. இன்ட் கொடுத்தால் கம்பைலர் பிழை காட்டுகிறது. முதல் நிபந்தனை பொய்யானதும் அடுத்ததைப் பார்க்காமல் விட வேண்டாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: && குறி இடப்பக்கத்தோடு நின்றுவிடுவது மதிப்பைக் கணக்கிடும்போதுதான். ஆனால், கணக்கிடுவதற்கு முன்பே, வலப்பக்கத்திலுள்ள '::வேல்யூ' எதைக் குறிக்கிறது என்று அறிவதற்காகக் கம்பைலர் தங்கள் ட்ரெய்ட்டை இன்ட் வகைக்கு விரித்தாக (அந்த வகையை உள்ளே இட்டு உருவாக்கியாக) வேண்டியிருக்கிறது. இன்ட்டுக்குள் 'வேல்யூ டைப்' ஏதும் இல்லாததால், அந்த விரிவின் உள்ளேயே பிழை எழுகிறது.

இதற்காகவே சி பிளஸ் பிளஸ் 17 பதிப்பில் 'ஸ்டட் கன்ஜங்ஷன்' சேர்க்கப்பட்டது; தாங்கள் இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பர் பயன்படுத்துவதால், தங்கள் கம்பைலரில் அதுவும் இருக்கும். '::வேல்யூ' சேர்க்காமல் இரண்டு ட்ரெய்ட்களையும் வகைகளாகவே அதனிடம் கொடுங்கள். அது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து, முதல் பொய்யிலேயே நின்றுவிடும். மீதமுள்ளவை விரிக்கப்படுவதே இல்லை. ஆகவே இஸ் கிளாஸ் முதலில் வர வேண்டும், இந்த வரிசையை மாற்றினால் பழைய பிழையே திரும்பும். 'டிஸ்ஜங்ஷன்' இதேபோல் முதல் மெய்யில் நிற்கும். 'நெகேஷன்' விடையைத் தலைகீழாக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது சோதனையைத் தனி ஸ்ட்ரக்ட்டாக வைக்காமல், சோதிக்கப்படும் 'டி' வகையின் வேல்யூ டைப்பைக் கன்ஜங்ஷனின் கோண அடைப்புக்குள் நேரடியாக எழுதினால் பயனில்லை. கன்ஜங்ஷன் கையில் எடுப்பதற்கு முன்பே அந்தப் பெயர் தேடப்பட்டுவிடும். தாங்கள் தனி ட்ரெய்ட்டாக எழுதியிருப்பது மிகவும் நல்லது, அதை அப்படியே வைத்திருங்கள்.

எல்லா இடத்திலும் && குறியை நீக்க வேண்டியதில்லை. 'இஸ் இன்டெக்ரல்', 'இஸ் சைன்ட்' போன்றவை எந்த வகைக்கும் பிழையின்றி விடை தருவதால், அவற்றை && கொண்டு இணைப்பதே படிக்க எளிது. சி பிளஸ் பிளஸ் 20 பதிப்புக்கு மாறும்போது இச்சோதனையை ஒரு கான்செப்டாக (வகைக்கான பெயரிட்ட நிபந்தனையாக) அறிவித்துக்கொள்ளலாம்; அங்கே இடப்பக்கம் பொய்யானால், && குறியின் வலப்பக்கத்தைக் கம்பைலர் தொடுவதில்லை.