கடன் வாங்கிக் கழித்தலை விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

இரண்டாம் வகுப்புப் பிள்ளை 52-இல் 27-ஐக் கழித்தால் 35 என்று எழுதுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் செய்வதுதான்.

நோட்டை மூடிவையுங்கள். ஈர்க்குச்சிகளை ஒரே அளவில் ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் பிள்ளையிடம் கொடுத்து, "எனக்கு 27 குச்சி வேணும்" என்று கேளுங்கள். இரண்டு கட்டு உடனே வரும். ஏழு உதிரிக்குக் கை தயங்கும். அப்போது வாயைத் திறக்காதீர்கள் (இதுதான் நமக்குக் கஷ்டம்). கொஞ்ச நேரத்தில் தானே ஒரு கட்டைப் பிரிக்கும்: பன்னிரண்டு உதிரி, அதில் ஏழு உங்களுக்கு. மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. கை செய்ததைப் பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 5-ஐ அடித்து 4 போடுவது ஏன் என்று விளங்கும்.

கூட்டலுக்கு இதையே திருப்பினால் சரி: உதிரி பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு. அப்புறம், பல்லாங்குழியும் நல்லதுதான், ஆனால் அது எண்ணிப் பழகவும் முன்கூட்டி யோசிக்கவும் உதவும், இடமதிப்புக்குக் குச்சிக்கட்டுதான்.