பிரோக்குக்கும் மலைக்கும் ஒரே ஜிபிஎஸ் போதுமா?

மொரிஷியஸின் மாயேபூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார இறுதிகளில் மைத்துனரின் பிரோக்கில் (சிறிய மீன்பிடிப் படகில்) பவளப்பாருக்கு வெளியே தூண்டில் போடப் போகிறேன். மற்ற விடுமுறைகளில் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டில் நடப்பேன். இரண்டுக்குமாக ஒரு கைக்கருவி வாங்க நினைக்கிறேன். கைப்பேசியே போதும் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?"

கைப்பேசியின் ஜிபிஎஸ், டவர் எட்டாத இடத்திலும் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் இரை அறுத்த ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்காது. நடுப்பகல் வெயிலில் திரை மங்கித் தெரியும். நாள் முழுவதும் எரியவிட்டால் மாலையில் கரைக்குப் பேசவும் சார்ஜ் இருக்காது. அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, அதை மட்டும் நம்பிப் பாருக்கு வெளியே போகச் சொல்ல மாட்டேன்.

துல்லியத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிய கருவிகள், இன்று திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்கின்றன. கடலில் வானத்தை மறைக்க ஏதுமில்லையாதலால் விலை குறைந்த கருவியும் அங்கே சோடை போகாது. மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில்தான் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் கருவி பயன்படும். வாஸ் என்ற திருத்த வசதி வட அமெரிக்காவுக்கென்று அமைக்கப்பட்டது. அதற்காக இங்கே ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

நான் முதலில் கேட்பது, தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா என்பதைத்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது; மிதக்கும் என்று சொல்லவில்லை. கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் நடைக்கு அருமையான, கையடக்கமான கருவி, ஆனால் கடலில் விழுந்தால் கல்தான். அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 79 வரிசை மிதக்கும்; பொத்தான்களால் இயங்கும்; கடையில் கிடைக்கும் சாதாரண டபுள்-ஏ பேட்டரி இரண்டு போதும். விலை கூடுதல்தான் என்றாலும் உங்கள் தேவைக்கு நான் இந்த வகையையே தேர்ந்தெடுப்பேன். வாங்குமுன் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் திரையைப் பாருங்கள், விரலை நனைத்துப் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள்.

மின்னணுத் திசைகாட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத கருவி நீங்கள் நகர்வதை வைத்தே திசையைக் கணிப்பதால், எஞ்சினை நிறுத்திவிட்டு நீரோட்டத்தில் மிதக்கும்போது அம்புக்குறியை நம்ப முடியாது. நம் கடலில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து 15 பாகைக்கும் மேல் மேற்கே விலகியிருப்பதால், கருவியும் படகிலுள்ள திசைகாட்டியும் ஒரே வடக்கைக் காட்டுமாறு அமைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வருவது விலையைவிட முக்கியம். மீன் கிடைக்கும் இடத்தைத் தவறவிடுபவர்களில் பலர் கருவியால் ஏமாறுவதில்லை. எண்ணை எழுதும் முறையால் ஏமாறுகிறார்கள். நண்பர் "20 பாகை 15.50" என்று தந்தால் அது பதினைந்தரை நிமிடம், அதாவது 15 நிமிடம் 30 விநாடி. அதையே நீங்கள் 15 நிமிடம் 50 விநாடி என்று பதிந்தால், வித்தியாசம் 20 விநாடி. கடலில் அது 600 மீட்டருக்கும் அதிகம். இந்தத் தவற்றை நானே ஒருமுறை செய்து, ஒரு காலைப் பொழுது முழுவதும் வெறும் மணல் தரையில் தூண்டில் இறக்கியிருக்கிறேன். படகில் இருக்கும் எல்லோரும் பாகை, தசம நிமிடம் என்ற ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு என்பதற்குப் பதிலாக வடக்கு என்று பதிந்துவிட்டால், கருவி உங்களை ஓமான் கரைக்கு வழிகாட்டும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை.

பழைய மொரிஷியஸ் வரைபடங்களில் இன்னொரு பொறி உண்டு. அவற்றின் அடிப்படை அளவை (பாகை எண்களைக் கணக்கிடும் ஆதாரம்), போர்ட் லூயிக்கு மேலே நிற்கும் லெ பூஸ் மலையின் பெயரால் 1934இல் வகுக்கப்பட்டது. கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற அளவையில் இயங்குகிறது. பழைய தாளில் படித்த எண்ணை அப்படியே பதிந்தால் இடம் அரை கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். கருவியை டபிள்யூஜிஎஸ் 84இலேயே விட்டுவிட்டு, புள்ளிகளை நேரில் போய்க் குறித்துக்கொள்வதே நல்லது.

மீன் திரட்டும் மிதவைகளைக் குறிக்கும்போது, ஆழத்தைவிட நீளமான கயிற்றில் கட்டப்பட்ட அவை நீரோட்டத்துக்கேற்ப இடம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். குறித்த இடத்தில் மிதவை இல்லை என்றால், அறுந்துபோயிற்று என்று திரும்பிவிடாமல் நீரோட்டம் போகும் பக்கம் தேடுங்கள்.

பாரின் வாயை, அதாவது படகு நுழையும் இடைவெளியைப் பொறுத்தவரை, வாங்கிய வரைபட அட்டையைவிட உங்கள் சொந்தத் தடமே மேல். வெயில் உச்சியில் இருந்து தண்ணீரின் நிறம் தெளிவாகத் தெரியும் வேளையில், பழகியவர் ஓட்ட நீங்கள் தடத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தடத்திலும் ஐந்து மீட்டர் பிழை இருக்கலாமாதலால், வாய் குறுகலாக இருந்து அலையும் உடையும் இரவில் அதை மட்டும் பார்த்து உள்ளே நுழையாமல், விடியும் வரை வெளியே காத்திருங்கள்.