வெஸ்ட்வில்ல வீடு வாங்கினா ஸ்கூல்ல சீட் கிடைச்சிடுமா?

கேள்வி (ஃபீனிக்ஸ், டர்பன்): அக்கா வணக்கம். சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம், டர்பன் வந்து 11 வருஷம் ஆச்சு, போன வருஷம்தான் பி.ஆர். (நிரந்தரமா தங்கற அனுமதி) கையில வந்துச்சு. இத்தனை நாளும் ஃபீனிக்ஸ்ல வாடகை வீடு. பையன் கிரேடு 6, பொண்ணு கிரேடு 3. எனக்கு ஆபீஸ் உம்ஷ்லாங்காவுல. வீட்டுக்காரி நர்ஸ், வெஸ்ட்வில்ல ஒரு ஆஸ்பத்திரியில. இப்ப ஒரு ஏஜென்ட் வெஸ்ட்வில்ல 25 லட்சம் ராண்டுக்கு ஒரு வீடு காட்டி, "இது ஸ்கூல் ஜோனுக்குள்ள இருக்கு, ரெண்டு பிள்ளைக்கும் ஹைஸ்கூல் சீட் கன்ஃபார்ம்"னு அடிச்சு சொல்றார். ரிசர்வாயர் ஹில்ஸ்ல கிட்டத்தட்ட அதே அளவு வீடு, கொஞ்சம் பழசு, 16 லட்சத்துக்கு வருது. மச்சான் என்னடான்னா படிப்புக்கு வாங்குற கடனெல்லாம் ஒரு கடனாங்கிறான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, அந்த டீல்ல கன்ஃபார்மா இருக்கறது ஏஜென்ட்டோட கமிஷன் மட்டும்தான். சீட் கன்ஃபார்ம்னு சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, அந்த வார்த்தைய ஒரு மெயில்ல எழுதித் தாங்கன்னு கேட்டுப் பாருங்க, அன்னையிலிருந்து உங்க போனை எடுக்க மாட்டார்.

இதை நான் சும்மா சொல்லல. நாங்களும் இதே மாதிரி ஒரு ஸ்கூலுக்காகத்தான் 2006ல வீடு மாறினோம், கேட்லேருந்து நடந்தா பத்து நிமிஷம், சாவி வாங்கின அன்னைக்கே பையனுக்கு அந்த யூனிஃபார்ம் போட்டு மனசுக்குள்ள அழகு பாத்தாச்சு, கடைசியில வந்தது "வெயிட்டிங் லிஸ்ட்"னு ஒரு லெட்டர். நாங்க குடி வந்தது மே மாசம், அவங்க அப்ளிகேஷனை மூடினது அதுக்கும் முன்னாடி, அவ்வளவுதான் கதை. பையன் வேற ஸ்கூல்ல படிச்சு நல்லாத்தான் வந்தான், இப்ப கேப் டவுன்ல இருக்கான். நானும் வீட்டுக்காரரும் நாலு பெட்ரூமைப் பெருக்கிக்கிட்டு பாண்ட், அதான் வீட்டுக் கடன், கட்டிக்கிட்டு இருக்கோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதிட்டுப் போன ஒரு வரிதான் எல்லாத்தையும் விட முக்கியம். உங்க வீட்டம்மா வேலை பாக்கறது வெஸ்ட்வில்ல. அரசு ஸ்கூல் அட்மிஷனுக்கு 1998லயே ஒரு தேசியக் கொள்கை வந்துச்சு, அதுல வரிசை இப்படி: ஸ்கூலோட ஃபீடர் ஜோனுக்குள்ள (அந்த ஸ்கூலுக்குன்னு ஒதுக்கின சுத்துவட்டாரம்) குடியிருக்கற பெத்தவங்களோட பிள்ளைங்க முதல்ல, அந்த ஜோனுக்குள்ள வேலை பாக்கற பெத்தவங்களோட பிள்ளைங்க ரெண்டாவது, அதுக்கப்புறம் மத்தவங்க, யார் முதல்ல வராங்களோ அவங்க. கவனிச்சுப் பாருங்க, "குடியிருக்கற"ன்னுதான் இருக்கு, சொந்தமா வீடு வச்சிருக்கறன்னு எங்கயும் இல்ல, வாடகைக்கு இருந்தாலும் அதே வரிசைதான். ஆக உங்களுக்கு அங்க வீடே இல்லாம போனாலும் ஆஸ்பத்திரி அட்ரஸை வச்சு ரெண்டாவது வரிசையில நிக்கலாம், எம்ப்ளாயர்கிட்ட லெட்டர் வாங்கினா போதும். ஆனா ஜோன் கோடு எந்தத் தெரு வரைக்கும்னு ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், அதனால ஆபீஸ்ல போய் அவங்களோட அட்மிஷன் பாலிசிய வாங்கிப் படிங்க, அதை ரகசியமா வச்சுக்க முடியாது. ரிசர்வாயர் ஹில்ஸ் வெஸ்ட்வில்லுக்கு ஒட்டினாப்பல இருக்கற இடம்தானே, அந்தத் தெரு உள்ள வருதா வெளிய போகுதான்னு கேளுங்க, வந்துட்டா உங்க தலைவலியில பாதி அங்கேயே போச்சு.

முன்னெல்லாம் அட்மிஷன்ல கடைசி வார்த்தை எஸ்.ஜி.பி. கையிலன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தோம், அதாவது பெத்தவங்க ஓட்டுப் போட்டு எடுக்கற நிர்வாகக் குழு. ஸ்கூல் சட்டத்தைத் திருத்தின பேலா சட்டத்துல 2024 செப்டம்பர்ல ஜனாதிபதி ராமபோசா கையெழுத்துப் போட்டார், டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, இப்ப பாலிசிய எழுதறது எஸ்.ஜி.பி.யா இருந்தாலும் ஒரு பிள்ளையைச் சேக்கணுமா இல்லையான்னு முடிவா சொல்றது மாகாணக் கல்வித் துறைத் தலைவர்தான். சீட் இல்லன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க, அப்பீல் எம்.இ.சி., அதாவது மாகாணக் கல்வி அமைச்சர் வரைக்கும் போகலாம். அட்மிஷனுக்குன்னு பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கக் கூடாதுன்னு ஸ்கூல் சட்டத்துலயே இருக்கு, இதுவும் பல பேருக்குத் தெரியாது.

இப்ப காசுக் கணக்கு, பேனா எடுத்துக்கோங்க. 2025 ஏப்ரல்ல வந்த ஸ்லாப்படி 12 லட்சத்து 10 ஆயிரம் ராண்ட் வரைக்கும் டிரான்ஸ்ஃபர் டூட்டி (வீடு வாங்கறவர் அரசுக்குக் கட்டற வரி) கிடையாது. 16 லட்சத்து வீட்டுக்கு 11,700 ராண்ட். 25 லட்சத்து வீட்டுக்கு 67,200. இதுக்கு மேல வக்கீல் ஃபீஸ் ரெண்டு, ஒண்ணு டிரான்ஸ்ஃபருக்கு, ஒண்ணு பாண்ட் பதிவுக்கு (டிரான்ஸ்ஃபர் வக்கீலை வைக்கறது பெரும்பாலும் விக்கறவர், காசு கட்டறது நீங்க, இந்த நியாயம் எனக்கு இன்னும் புரியல). பாண்டுக்கு பத்தரை சதவீத வட்டி, 20 வருஷம்னு வச்சா ஒவ்வொரு லட்சத்துக்கும் மாசம் ஏறக்குறைய 1,000 ராண்ட். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல 9 லட்சம் வித்தியாசம், அப்ப மாசம் 9,000, இருபது வருஷத்துல 21 லட்சத்து 60 ஆயிரம். பையன் ஹைஸ்கூல் போக இன்னும் ரெண்டு வருஷம், பொண்ணு மேட்ரிக் (கிரேடு 12) முடிக்க ஒம்பது பத்து வருஷம், ஆக ரெண்டு பேருக்கும் சேத்து ஹைஸ்கூல் தேவை எட்டு வருஷம்தான், மிச்ச பன்னெண்டு வருஷம் யாருக்காக அந்த 9,000 கட்டப் போறீங்க? படிப்புக் கடன் கடன் இல்லங்கற மச்சானைக் கொஞ்சம் பங்கு போடச் சொல்லுங்க.

அதோட அந்த ஸ்கூல்ல ஃபீஸும் உண்டு. அரசு ஸ்கூலையெல்லாம் ஏழ்மையான வட்டாரத்துலேருந்து வசதியான வட்டாரம் வரைக்கும் குவின்டைல்னு அஞ்சா பிரிச்சிருக்காங்க, 1லிருந்து 3 வரைக்கும்தான் ஃபீஸ் இல்லாத ஸ்கூல், அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்களுக்குன்னு இருந்த பழைய மாடல் சி ஸ்கூலெல்லாம் மேல் வரிசை, ஒரு பிள்ளைக்கே வருஷத்துக்குப் பல்லாயிரம் ராண்ட், பெத்தவங்க கூட்டத்துல ஓட்டெடுத்து முடிவு பண்றது. ஃபீஸ் உங்க ரெண்டு பேர் சேர்ந்த வருமானத்துல பத்துல ஒரு பங்கைத் தாண்டினா முழு விலக்கு கேட்கலாம், கட்ட முடியலன்னு சேக்க மாட்டேன்னு எந்த அரசு ஸ்கூலும் சொல்லக் கூடாது. உங்க ரெண்டு சம்பளத்துக்கு விலக்கு வராதுன்னு நினைக்கறேன், ஆனா படிக்கற வேற யாருக்காவது உதவுமே.

ஏன் எல்லாரும் வெஸ்ட்வில், கிளென்வுட், பெரியான்னு ஓடறாங்கன்னா அதுக்கு 1950ல வந்த, எந்த இனம் எந்த ஏரியாவுல இருக்கணும்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம்தான் வேர். நல்ல கிரவுண்டு, ஹால், நீச்சல் குளம் வச்ச ஸ்கூலெல்லாம் வெள்ளைக்காரங்க ஏரியாவுல கட்டினாங்க, நம்ம ஆளுங்களை சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் தள்ளினாங்க, இன்னைக்கு ஜோன் கோடு போட்டா பழைய கோடே திரும்ப வந்து நிக்குது. ஆனா நம்ம பக்கம் படிப்பு இல்லன்னு நினைச்சிடாதீங்க. 1929ல டர்பன்ல திறந்த சாஸ்திரி காலேஜ், பேருதான் காலேஜ், அது இந்தியப் பிள்ளைங்களுக்கான ஹைஸ்கூல், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பேர்ல, கும்பகோணம் பக்கத்து ஆளு, இந்திய அரசோட முதல் ஏஜென்ட்டா, அதாவது பிரதிநிதியா இங்க வந்தவர். கரும்புத் தோட்டத்துல இருந்தவங்களோட பேரப்பிள்ளைங்க டாக்டரும் வக்கீலுமா ஆனது அந்த மாதிரி ஸ்கூல்லேருந்தும், சனங்க கைக்காசு போட்டுக் கட்டின ஸ்கூல்லேருந்தும்தான். அதனால ஃபீனிக்ஸ்ல, ரிசர்வாயர் ஹில்ஸ்ல பக்கத்துல இருக்கற ஸ்கூலை ஒரு தடவை கூட உள்ள போய்ப் பாக்காம வெஸ்ட்வில்லுக்கு ஓடாதீங்க.

பாக்கும்போது மேட்ரிக் பாஸ் சதவீதத்தை மட்டும் பாத்து மயங்காதீங்க. 98ன்னு போர்டு வச்சிருப்பாங்க, நீங்க கேட்க வேண்டியது வேற: எத்தனை பேருக்கு பேச்சிலர் பாஸ் (டிகிரி படிக்கத் தகுதி), எத்தனை பேர் ப்யூர் மேத்ஸ் எழுதினாங்க, எத்தனை பேர் மேத்ஸ் லிட்டரசி (அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கற சுலபமான பாடம்). பிள்ளை இன்ஜினியரிங், மெடிசின்னு போகணும்னு ஆசை இருந்தா மேத்ஸ் லிட்டரசி எடுத்தா அந்தக் கதவு மூடிச்சு. அப்புறம் கிரேடு 10ல எத்தனை பேர் இருந்தாங்க, அவங்கள்ல எத்தனை பேர் மேட்ரிக் எழுதினாங்கன்னும் கேளுங்க, நடுவுல பாதி பேர் காணாம போயிருந்தா அந்த 98க்கு அர்த்தமே வேற. இன்னொண்ணு, ரெண்டாவது மொழி ஆப்ரிகான்ஸா சுலு மொழியான்னு பாருங்க. பையன் இதுவரைக்கும் எதைப் படிச்சானோ அது அங்க இல்லன்னா கிரேடு 8ல புதுசா ஒரு மொழியோட மல்லுக்கட்டணும், நம்ம வீட்ல பேசறது தமிழ், டியூஷன் வச்சாகணும். வெஸ்ட்வில்ல பெரிய பேரு வாங்கின ரெண்டும் ஆம்பளப் பிள்ளைக்கு ஒண்ணு, பொம்பளப் பிள்ளைக்கு ஒண்ணு, அதனால "அண்ணன் படிக்கறான், தங்கச்சியும் வந்துடுவா"ங்கற சலுகையும் உங்களுக்கு வேலை செய்யாது, மூணு வருஷம் கழிச்சு பொண்ணுக்கு முதல்லேருந்து ஓடணும்.

என் முடிவு: வெஸ்ட்வில் வீட்டை விடுங்க. ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்டைப் பாருங்க, ஆனா வீடா பாருங்க. அந்தப் பக்கமெல்லாம் மேடும் சரிவுமா இருக்கும், 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன்ல எத்தனை மண் சரிவுன்னு உங்களுக்கே தெரியும், அதனால பின்னாடி இருக்கற மண்சுவரு, மழைத்தண்ணி போற வழி ரெண்டையும் மழை பெய்யற ஒரு நாள் போய் நின்னு பாருங்க. பழைய வீடுன்னா கூடுதலா கட்டின ரூம், அவுட்பில்டிங் எல்லாத்துக்கும் முனிசிபாலிட்டி பாஸ் பண்ணின பிளான் கேளுங்க. விக்கறவர் கையெழுத்துப் போட்ட குறை நிறை ஃபார்ம், 2022 பிப்ரவரிலேருந்து ஏஜென்ட் அதைக் கட்டாயம் காட்டணும், எலக்ட்ரிகல் சர்டிபிகேட், மரத்துல பூச்சி அரிக்கலங்கற சர்டிபிகேட், இதெல்லாம் வராம பேனாவைத் தொடாதீங்க. அட்மிஷனுக்கு அடுத்த வருஷம் தொடக்கத்துலயே, பையன் கிரேடு 7 ஏறினதும், நாலு ஸ்கூலுக்காவது போடுங்க, நம்ம குவாசுலு-நேட்டால்ல ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தனித்தனியா போய்க் கொடுக்கணும். தேதிய இப்பவே போன் பண்ணிக் கேட்டு காலண்டர்ல எழுதுங்க. வீடு உங்க பேருக்கு மாற ரெண்டு மூணு மாசம் இழுக்கும், ரேட்ஸ் பில்லுல (முனிசிபாலிட்டி வீட்டு வரி) பேர் வர அதுக்கு மேல, நான் மாட்டின இடம் அதுதான்.

கேள்வி (மிட்ராண்ட்): நாங்க ஜோபர்க் பக்கம், பொண்ணு அடுத்த வருஷம் கிரேடு 8. இங்க எல்லாம் ஆன்லைன்தானே, வீடு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லதா?

பதில்: ஆமாம்மா, உங்க காவ்டெங் மாகாணத்துல கிரேடு 1, கிரேடு 8 ரெண்டுக்கும் 2016லேருந்து ஆன்லைன். ஃபீடர் ஜோனுக்குள்ள வீடு முதல்ல, அப்புறம் கூடப் பிறந்தவங்க அங்க படிச்சா அது, அப்புறம் வேலை அட்ரஸ், அப்புறம் 30 கிலோமீட்டருக்குள்ள வீடு. அட்ரஸை மேப்புல சரியா குத்துங்க, பாதி பேர் அங்கதான் கோட்டை விடறாங்க. ஒரு ஸ்கூல் மட்டும் போட்டுட்டு சாமிய கும்பிட்டுக்கிட்டு உக்காராதீங்க. தனியார் ஸ்கூல்னா இந்த ஜோன் கதையே இல்ல, பர்ஸ் கதை மட்டும்தான்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): பேரன் வெருலத்துல அப்பா அம்மாவோட இருக்கான். என் வீட்டு அட்ரஸைப் போட்டு இங்க ஸ்கூல்ல சேக்கலாம்னு மகன் அஃபிடவிட்ல என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றான். போடலாமா?

பதில்: பேரன் உங்க வீட்லதான் தூங்கி எழுந்திரிச்சு, நீங்கதான் அவன் படிப்பைப் பாத்துக்கறீங்கன்னா தாராளமா போடுங்கம்மா, ஸ்கூல் சட்டத்துல பிள்ளையோட படிப்புப் பொறுப்பை ஏத்துக்கறவங்களும் "பெற்றோர்"தான். வெருலத்துலேயே இருந்துக்கிட்டு பேப்பர்ல மட்டும் உங்க வீடுன்னா போடாதீங்க, அது பொய் சத்தியம், போலீஸ் ஸ்டேஷன்ல முத்திரை வாங்கறது உங்க பேர்ல, மகன் பேர்ல இல்ல. நிஜமாவே வந்து தங்கப் போறான்னா இந்த மாசமே பெட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க, காலையில ஆறு மணிக்கு அவனை எழுப்ப முடியுதான்னும் பாத்துக்கலாம்.