ஓடவேண்டிய சில்லு ஓடாவிட்டால்: புல்வெட்டி கேள்வி-பதில்

இம்முறை சேர்ந்த கேள்விகள் எல்லாம் தானாக முன்னேறும் பெற்றோல் புல்வெட்டியின் சில்லுகளைப் பற்றியவை. எதையும் கழற்றுமுன் இரண்டு விடயம். ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, பிளக்கில் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். பெல்ற்றைக் கையால் சுற்றினால் பிளேடும் கூடவே சுற்றும். மெஷினைச் சரிக்க நேர்ந்தால் எயார் ஃபில்ற்றர் உள்ள பக்கம் மேலே இருக்கவேண்டும். மாறிச் சரித்தால் ஒயில் ஃபில்ற்றருக்குள் இறங்கிவிடும். பிறகு சில்லை மறந்துவிட்டு வெள்ளைப் புகைக்கு வைத்தியம் தேடவேண்டியதுதான்.

லீவரைப் பிடித்தால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, மெஷின் மட்டும் நகரவில்லை. கியர்பொக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்றவேண்டும் என்கிறார் கராஜ்காரர். சரியா? (வெள்ளவத்தை)

கியர்பொக்ஸ் கடைசியாகச் சந்தேகிக்கவேண்டிய பாகம். லீவர் கேபிளை இழுக்கிறது. கேபிள், மெஷினின் வகையைப் பொறுத்து, பெல்ற்றை இறுக்குகிறது அல்லது கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளச்சைப் பிடிக்கவைக்கிறது. பெல்ற் கப்பியைச் சுற்ற, கியர்பொக்ஸ் அச்சைச் சுற்றுகிறது. அச்சின் இரு முனையிலும் பினியன் என்கிற சின்னப் பல்லுச்சக்கரம் இருக்கிறது. அதுதான் சில்லின் உட்பக்கப் பற்களைத் தள்ளுகிறது. ஓட்டம் இதில் எங்கே அறுகிறது என்று கண்டபிறகு காசை எடுங்கள்.

முதல் சோதனைக்கு ஸ்பனரே தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி மெஷினைப் புல்லின் மேல் பின்னுக்கு இழுங்கள். சில்லுகள் பூட்டிக்கொண்டு இழுபட்டால் பற்களும் பினியனும் பிடிக்கின்றன. பெல்ற்றையும், பெல்ற்றை இறுக்கும் வகையாக இருந்தால் கேபிளையும் பாருங்கள். சில்லு 'டிக் டிக்' என்று தாண்டித் தாண்டிச் சுற்றினால் பல் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் தாராளமாகச் சுற்றினால் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது பினியனுக்குள் இருக்கும் சாவி என்கிற சின்ன இரும்புத் துண்டு அழுக்கில் ஒட்டிப்போயிருக்கலாம்.

அடுத்தது கேபிள். ஒருவர் லீவரை அழுத்த, மற்றவர் கீழே கேபிளின் மறுமுனையைப் பார்க்கவேண்டும். மேலே லீவர் முழுதாக அசைந்தும் கீழே கொஞ்சமே அசைந்தால் அங்கேதான் கோளாறு. கைபிடிக்கு அருகில் அல்லது கேபிளின் நடுவில் ஒரு திருகு இருக்கும். அதை ஒன்றிரண்டு சுற்று திருகி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் இன்னும் ஒரு சுற்று திருகுங்கள். லீவரை விட்ட நிலையில் கேபிள் விறைப்பாக இல்லாமல் சற்றே தொய்ந்திருக்கவேண்டும். மெஷினைக் கையால் முன்னுக்குத் தள்ளினால் இலகுவாக உருளவேண்டும்.

பிறகு பெல்ற்றின் மூடியைத் திறவுங்கள். ஈரப்புல் வெட்டிய மெஷின்களில் கப்பிக்கும் மூடிக்கும் இடையே புல்லும் மண்ணும் பலகாரக் கட்டி போல இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே பல மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும். பெல்ற்றின் பக்கங்கள் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, வெடித்திருந்தாலோ, ஒயில் பட்டிருந்தாலோ மாற்றவேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கியர்பொக்ஸ். பெல்ற்றைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, லீவரை அழுத்திக் கட்டிவிட்டுக் கப்பியை ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். பல சுற்றுக்கு ஒருமுறை என அச்சு மெதுவாகத் திரும்பவேண்டும். கப்பி சுற்றியும் அச்சு அசையாமல் நின்றால், அதிலும் கிளச்சை இயக்கும் கை முழுத்தூரம் போயும் அசையாவிட்டால், உள்ளே பல் போய்விட்டது. அப்போது கராஜ்காரர் சொன்னது சரி.

ஒரு பக்கச் சில்லு இழுக்கிறது, மறுபக்கம் டிக் டிக் சத்தம். மெஷின் வளைந்து வளைந்து போகிறது. சில்லை மட்டும் மாற்றினால் போதுமா? (கல்கிசை)

பெரும்பாலும் போதாது. சில்லையும் பினியனையும் சோடியாக மாற்றுங்கள். தேய்ந்த பினியன் புதுச் சில்லின் பற்களையும் தன் உருவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கழற்றும் ஒழுங்கு: நடுவிலுள்ள மூடியைத் தட்டையான ஸ்க்ரூட்றைவரால் நெம்புங்கள். உள்ளே போல்ட், நட் அல்லது 'ஈ' வடிவக் கிளிப் இருக்கும். கிளிப்பைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டுப் பிடியுங்கள். பறந்து புல்லுக்குள் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. வொஷர், சில்லு, உள் வொஷர், பினியன், கடைசியில் சாவி. ஒவ்வொன்றும் வரும்போது போனில் ஒரு படம் எடுத்து, வந்த வரிசையிலேயே ஒரு பழைய தட்டில் அடுக்குங்கள்.

இப்போது சில்லின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல பல்லின் இரு சரிவும் ஒரேமாதிரி இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் மட்டும் சரிந்து, சுறாவின் முதுகுச் செட்டைபோல முன்னுக்குச் சாய்ந்திருக்கும். பிளாஸ்ரிக் தூள் கிரீஸுடன் சேர்ந்து சாம்பல்நிறப் பசையாக அடியில் படிந்திருக்கும். பல் நன்றாக இருந்து பினியன் மட்டும் தேய்ந்திருந்தால் பினியனோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாவிதான் பலரும் தவறவிடும் பாகம். அச்சில் உள்ள வெட்டுக்குள் அது சறுக்கி ஓடும் சின்ன இரும்புத் துண்டு. பினியனின் உட்சுற்றில் படிகள் இருக்கும். ஒரு திசையில் சாவி படியில் தடுக்கிப் பிடிக்கும், மறுதிசையில் வழுக்கிவிடும். திருப்பத்தில் வெளிப்பக்கச் சில்லு வேகமாக ஓட முடிவது இதனால்தான். சாவியின் விளிம்பு மழுங்கியிருந்தாலும், காய்ந்த புல்லுச்சாற்றில் ஒட்டிக்கொண்டாலும் சில்லு சும்மா சுற்றும். சாவியையும் வெட்டையும் மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய ஒயில் விடுங்கள். விரலால் தள்ளும்போது தடையில்லாமல் போய்வரவேண்டும்.

இடது பினியனும் வலது பினியனும் ஒன்றல்ல. மாற்றிப் போட்டால் படிகளின் திசை பிழைத்துவிடும். பாகங்கள் எல்லாம் புதிதாக இருந்தும் மெஷின் ஓடாது. சிலவற்றில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். இல்லாவிட்டால் கழற்றும்போதே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

பற்கள் எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தே போனால், நான்கு சில்லுகளின் உயர நெம்புகோலும் ஒரே வெட்டில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முன்னுக்கு நன்றாகப் போகிறது. லீவரை விட்டுவிட்டுப் பின்னுக்கு இழுத்தால் சில்லு பூட்டிக்கொள்கிறது. தோட்டக்காரர் மெஷினையே தூக்கித்தான் திருப்புகிறார். (தெஹிவளை)

பழுது இல்லை. லீவரை விட்டபின் ஒரு சாண் தூரம் முன்னுக்குத் தள்ளி, பிறகு இழுக்கச் சொல்லுங்கள். சாவி படியிலிருந்து விலகிவிடும். அப்படிச் செய்தும் பூட்டினால் கேபிள் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது சாவி அழுக்கில் சிக்கியிருக்கிறது.

புது பெல்ற் போட்டதிலிருந்து லீவரை விட்டாலும் மெஷின் ஊர்ந்து முன்னேறுகிறது. பழைய பெல்ற்றைக் காட்டித்தான் கடையில் வாங்கினேன். (நுகேகொடை)

திருத்தும்வரை அந்த மெஷினால் வெட்டாதீர்கள். நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காத மெஷின் காலுக்குக் கேடு.

பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டையிலும் பழைய பெல்ற்றைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து வாகன பெல்ற் ஒன்றைத் தந்துவிடுவார்கள். நீளம் பொருந்தும், தன்மை பொருந்தாது. லீவரால் இறுக்கித் தளர்த்தும் வகையில், பெல்ற் தளரும்போது கப்பியில் வழுக்கவேண்டும். அதற்காகத்தான் புல்வெட்டி பெல்ற்றை முழுதும் துணி சுற்றிச் செய்கிறார்கள். பக்கங்களில் ரப்பர் தெரிய வெட்டிய, உள்ளே பல் வெட்டிய வாகன பெல்ற் தளர்ந்த பிறகும் கப்பியைக் கவ்விக்கொண்டே இருக்கும்.

இலக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. '4எல்300' என்றால் அகலம் அரை அங்குலம், வெளிச்சுற்று 30 அங்குலம். 'ஏ30' என்றால் 30 அங்குலம் என்பது உட்சுற்று. அதன் வெளிச்சுற்று ஏறத்தாழ 32 வரும். ஆகவே 4எல்300க்கு நீளத்தில் நெருங்கியது ஏ28. '3எல்' வகையின் அகலம் முக்கால் பங்கு மட்டுமே, அதாவது எட்டில் மூன்று அங்குலம். அதன் இடத்தில் அரை அங்குல பெல்ற்றைப் போட்டால் கப்பியின் பள்ளத்தில் இறங்காமல் மேலேயே ஓடும். பழைய பெல்ற் நீண்டிருக்கும் என்பதால் அதை அளந்து வாங்குவதைவிட மெஷினின் பாக இலக்கத்தைக் கொடுத்து வாங்குவது நல்லது.

பெல்ற் சரியானதுதான் என்றால் கேபிளைச் சற்றுத் தளர்த்துங்கள். புது பெல்ற் நீளாதது, பழைய பெல்ற்றுக்காக இறுக்கிய கேபிள் இதற்கு அதிகம். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் கழன்றிருக்கிறதா, கப்பியருகில் பெல்ற்றை விலக்கிப் பிடிக்கும் கம்பி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில்லின் பற்களுக்கு எவ்வளவு கிரீஸ் பூசவேண்டும்? (ராஜகிரிய)

மெஷினின் கையேடு சொன்னால் மெல்லிய படலம். சொல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். கபுக் எனும் செம்புறை மண்ணின் சிறு கல்லும் வெட்டிய புல்லும் கிரீஸில் ஒட்டினால் அது அரைக்கும் பசையாகிவிடும். அச்சு நுழையும் புஷ்ஷுக்குப் பயறளவு கிரீஸ் போதும். டபிள்யூடி-40 துருவைக் கழற்ற நல்லது, ஆனால் நெடுநாள் நிற்கும் மசகு அல்ல. அது அடித்த இடத்தைத் துடைத்துவிட்டு ஒயில் விடுங்கள். பிளாஸ்ரிக் சில்லைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவலாம். வாகனம் கழுவும் அழுத்தத் தண்ணீரை மட்டும் அச்சுப் பக்கம் அடிக்கவேண்டாம். தண்ணீர் பெயாரிங்குக்குள் புகுந்துவிடும்.

பிரிக்ஸ் அன்ட் ஸ்ராட்டன் மெஷினுக்குப் பின் சில்லு தேடுகிறேன். எந்தக் கடையிலும் இல்லை. (வத்தளை)

நீங்கள் சொல்வது எஞ்சினின் பெயர். அதே எஞ்சினைப் பல கம்பனிகள் தங்கள் மெஷின்களில் பூட்டுகின்றன, சில்லு ஒவ்வொன்றுக்கும் வேறு. மெஷினின் உடலில், பெரும்பாலும் பின்பக்கத் தகட்டில் அல்லது கைபிடி பொருந்தும் இடத்துக்கு அருகில், ஒரு ஒட்டி இருக்கும். மாதிரி இலக்கம் அதில்தான். அதையும், சில்லின் வெளி விட்டத்தையும், நடுத்துளை விட்டத்தையும், உட்பக்கப் பற்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். விட்டம் ஒன்றாக இருந்து பற்கள் ஒன்று கூடக்குறைய இருந்தாலும் பொருந்தாது.

பெயாரிங் மட்டும் ஆடினால் வேலை இலகு. அதன் பக்கத்தில் இலக்கம் பொறித்திருக்கும், பெயாரிங் கடையில் அதே இலக்கம் கிடைக்கும். முடிவில் 'இசட் இசட்' இருந்தால் இருபக்கமும் தகட்டு மூடி, '2ஆர்எஸ்' என்றால் ரப்பர் மூடி. ஈரப்புல்லுக்கும் மணலுக்கும் ரப்பர் மூடியையே கேளுங்கள்.

முன் சில்லால் ஓடும் மெஷின். கூடை நிரம்பியதும் சில்லு இடத்திலேயே சுற்றுகிறது. (மட்டக்குளி)

கூடையின் பாரம் பின்னால் இறங்க, முன் சில்லு நிலத்தை அழுத்தாமல் எழும்புகிறது. கைபிடியைக் கீழே அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். கூடையைப் பாதியிலேயே கொட்டுங்கள். ரயரின் வெட்டுகள் மழுங்கியிருந்தால் சில்லை மாற்றுவதுதான் வழி. சரிவான முற்றமானால் ஏறி இறங்காமல் குறுக்காக வெட்டுங்கள். பல கையேடுகள் தரும் எல்லை 15 பாகை. ஒரு மீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர் உயர்வு. அதற்கு மேல் எந்த மெஷினும் வேண்டாம்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு. கேபிள் துருப்பிடித்து அடிக்கடி இறுகுகிறது. மெஷினை அடுத்த வீட்டுக்கும் தார் வீதியால் உருட்டிக்கொண்டு போகிறோம், அதுவும் பிழையா? (பம்பலப்பிட்டி)

உருட்டுவது பிழையில்லை, லீவரை அழுத்தி ஓட்டிக்கொண்டு போவதுதான் பிழை. புல்லில் சில்லு சற்று வழுக்கித் திரும்பும். தாரிலும் சீமெந்திலும் வழுக்காது, அந்த இழுவை முழுதும் பிளாஸ்ரிக் பல்லில் விழும். எஞ்சினை நிறுத்தித் தள்ளுங்கள். திருப்பும்போது கைபிடியை அழுத்தி முன் சில்லைத் தூக்கித் திருப்புங்கள்.

கேபிளுக்கு: மேல்முனையைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, உறைக்குள் மெல்லிய ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீழ்முனையில் ஒயில் தெரியும்வரை கம்பியை மேலும் கீழும் அசையுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன் ஒருமுறை, ஒக்டோபரில் ஒருமுறை. கம்பியின் ஒரு இழை அறுந்து நூல்போல வெளியே நீட்டினாலும் ஒயில் உதவாது. புதுக் கேபிள் வாங்குங்கள். வாங்கும்போது உள்கம்பியின் நீளத்தையும் வெளியுறையின் நீளத்தையும் தனித்தனியாக அளந்து கொண்டுபோங்கள். மெஷினை வைக்கும்போது தார்ப்பாயை நிலம் தொடும்வரை இறுக்கி மூடாதீர்கள், அடியில் ஈரம் தங்கி அச்சுதான் முதலில் துருப்பிடிக்கும்.