ப்ரேயர் போட்டி: மாநாட்டுக்குத் தந்த கட்டுரையையே அனுப்பலாமா?

அனுப்பலாம். அமெரிக்கச் சட்ட வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு நீங்கள் ஏற்கெனவே தந்த கட்டுரையும், அதே சங்கம் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு நடத்தும் கேத்ரின் ப்ரேயர் கட்டுரைப் போட்டிக்குத் தகுதியுள்ளதுதான். மாநாட்டின் நிகழ்ச்சிக் குழு அதை ஏற்றிருந்தாலும் சரி, ஏற்காவிட்டாலும் சரி.

ஆய்விதழ்களில் ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பார்கள். அந்தப் பயம்தான் உங்களைக் குழப்பியிருக்கும். ஆனால் இந்தப் போட்டி இதழ் அல்ல. தேர்வானவர்கள் மாநாட்டில் தனி அமர்வில் வாசிப்பார்கள், மூத்த ஆய்வாளர்கள் அங்கேயே கருத்துச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பரிசுப் பணத்தைவிட அதுதான் பெரிது.

என் கவலை வேறு. 1802இல் சென்னை மாகாணத்தில் வந்த ஜில்லா கோர்ட்டுகள் பற்றிய ஆய்வேட்டு அத்தியாயத்தை அப்படியே அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள்: கோப்பில் ‘முந்தைய அத்தியாயத்தில்’, ‘மேலே கண்டபடி’ என்று தேடுங்கள். நாலைந்து இடத்தில் வந்தால் அது இன்னும் கட்டுரை ஆகவில்லை. அப்புறம், சதர் அதாலத் (கம்பெனி ஆட்சியின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம்) என்றால் என்ன என்று அமெரிக்க நடுவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள்.

ஒன்று மட்டும்: பக்க வரம்பு, கடைசித் தேதி, ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ யார் என்பதையெல்லாம் இந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், பழைய அறிவிப்பை நம்ப வேண்டாம். கட்டுரை ஏற்கெனவே எங்காவது அச்சேறியிருந்தால் அனுப்பும் முன் போட்டிக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.